பஸ்ஸா, புஸ்ஸா? எது சரியான ஆங்கிலம்?

உங்கள் கேள்வி இது: மகள் மேற்படிப்புக்காக மான்செஸ்டர் போய் இரண்டு மாதம் ஆகிறது. கூடப் படிக்கும் பெண்கள் பஸ்ஸை 'புஸ்' என்கிறார்கள், கப்பை 'குப்' என்கிறார்கள். டெக்ஸாஸில் இருக்கும் உங்கள் அண்ணன் மகன் பேசும் ஆங்கிலமோ வேறு மாதிரி. பள்ளியில் நாம் படித்தது இந்த இரண்டுமே இல்லை. இதில் எது சரி, அவள் எதைப் பழகிக்கொள்ள வேண்டும்?

நான் கல்லூரியில் ஆங்கில ஒலியியல் நடத்தியவன். அதற்கு முன்னால் மாணவனாக ஒரு வருடம் வட இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் வட்டாரத்தில் உள்ள லீட்ஸில் தங்கியிருந்தேன். முதல் நாள் காலையில் வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டி, 'குப் ஆஃப் டீ, லுவ்?' என்று கேட்டார். எனக்கு டீ மட்டும்தான் புரிந்தது. 'லுவ்' என்பது லவ். யார்க்‌ஷயரில் கடைக்காரர், பஸ் ஓட்டுநர் என்று யாரும் எதிரே நிற்பவரை அன்பாகக் கூப்பிடும் சொல் அது. நம் ஊரில் 'கண்ணு' என்பது போல. அந்த அம்மா பேசுவது கொச்சை ஆங்கிலம் என்று அன்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பது பின்னால் இந்தப் பாடத்தைப் படித்தபோதுதான் விளங்கியது. அதனால் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் 'குப்'. ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில் கப், சன், லவ் ஆகிய சொற்களில் இருந்தது உகரம்தான். 'புட்' (வை), 'புல்' (இழு) என்ற சொற்களில் இன்றும் நாம் கேட்கிறோமே, அதே ஒலி. 17-ஆம் நூற்றாண்டில் லண்டனிலும் தெற்கு இங்கிலாந்திலும் அது இரண்டாகப் பிரிந்தது. பெரும்பாலான சொற்களில் உதடு குவிவது நின்றுபோய், நம் அகரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. உதட்டில் பிறக்கும் ஒலிக்குப் பக்கத்தில் இருந்த சில சொற்களில் மட்டும் பழைய உகரம் தங்கிவிட்டது. புட், புல் எல்லாம் அப்படித் தங்கியவை.

ஆங்கிலம் படிக்கும் எந்தக் குழந்தையும் ஒருநாள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பி யூ டி 'புட்' என்றால், சி யூ டி மட்டும் ஏன் 'கட்'? காரணம் இந்தப் பிரிவுதான். எழுத்து பழைய ஒலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, பேச்சு நகர்ந்துவிட்டது. ஆனால் மான்செஸ்டரில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே இரண்டும் எதுகை போல ஒத்து ஒலிக்கும்: புட், குட். வட இங்கிலாந்துக்காரர்கள் மொழியைக் கெடுக்கவில்லை. தெற்கில் நடந்த மாற்றம் அவர்களை எட்டவில்லை, அவ்வளவுதான். பஸ் என்ற சொல் 19-ஆம் நூற்றாண்டில் ஆம்னிபஸ் என்பதன் வாலை வெட்டி எடுத்தது. அது புதிய சொல்தான் என்றாலும், வடக்கே போனதும் அங்கிருந்த பழைய உகரத்தை வாங்கிக்கொண்டது.

அடுத்தது 'பாத்', அதாவது குளியல். லண்டன்காரர் ஆகாரத்தை நன்றாக நீட்டி 'பாத்' என்பார். உங்கள் மகளின் தோழிகள் குறிலாக 'பத்' என்பார்கள். அமெரிக்காவில் அதுவே, நாம் 'பேக்', 'மேட்ச்' என்று எழுதுகிறோமே, அந்த வாய் விரிந்த ஒலி. கிளாஸ், கிராஸ், லாஃப், லாஸ்ட் எல்லாம் இதே குடும்பம். தெற்கு இங்கிலாந்தில் இந்த நீட்டல் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, 18-ஆம் நூற்றாண்டில் பரவியது. அமெரிக்காவுக்கு முதலில் கப்பலேறியவர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். ஆஸ்திரேலியக் குடியேற்றம் தொடங்கியதோ 1788-ல்; அங்கே 'பாத்' நெடில்தான். கப்பல் கிளம்பிய காலம் வாயில் தங்கியிருக்கிறது.

இந்த நீட்டல் எல்லாச் சொல்லையும் பிடிக்கவில்லை என்பதுதான் சுவையான விஷயம். 'கிளாஸ்' நீண்டது, எரிவாயுவைக் குறிக்கும் 'கேஸ்' நீளவில்லை. 'பாஸ்' நீண்டது, 'பேக்' நீளவில்லை. இப்போது நம் வீட்டுச் சமையலறைக்கு வாருங்கள். தண்ணீர் குடிக்க கிளாஸ் எடுக்கிறோம். அடுப்புக்கு கேஸ் சிலிண்டர் மாற்றுகிறோம். இரண்டு ஆங்கிலச் சொல்லிலும் இருப்பது ஒரே உயிரெழுத்து. ஆனால் நம் பாட்டி ஒன்றை ஆகாரமாகவும் இன்னொன்றை ஏகாரமாகவும்தான் சொன்னார். டான்ஸ், மாஸ்டர், பாத்ரூம் ஒரு பக்கம். பேங்க், டேக்ஸி, மேட்ச் இன்னொரு பக்கம். ஆங்கிலம் ஒரு வரி தெரியாத மனிதரும், தெற்கு இங்கிலாந்தில் முந்நூறு வருடங்களுக்கு முன் நடந்த ஒலிப்பிரிவைப் பிசகாமல் சொல்கிறார். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்களின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் ஒவ்வொரு முறையும் அதே மகிழ்ச்சிதான். நமக்கு ஆங்கிலம் கொண்டுவந்தவர்கள் மான்செஸ்டர் பக்கத்து லங்காஷயர்க்காரர்களாக மட்டும் இருந்திருந்தால் இன்று நாம் 'புஸ்' ஏறி ஊருக்குப் போயிருப்போம்.

சரி, நீட்டிச் சொல்வது உயர்வு, குறிலாகச் சொல்வது தாழ்வு என்று ஒரு நினைப்பு இங்கிலாந்திலேயே உண்டு. அது எப்போது வந்தது தெரியுமா? 1791-ல் ஜான் வாக்கர் என்பவர் ஓர் உச்சரிப்பு அகராதி வெளியிட்டார். நெடுங்காலம் மதிக்கப்பட்ட நூல் அது. பாஸ்கெட், பிளான்ட் போன்ற சொற்களில் ஆகாரத்தை நீட்டுவது நாகரிகமற்ற பேச்சுக்கு மிக அருகில் போவது என்று அதில் எழுதினார். அப்போது நீட்டல்தான் கீழானது! பின்னர் லண்டன் மேல்தட்டு மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அவ்வளவுதான், தராசு அப்படியே மறுபக்கம் சாய்ந்துவிட்டது. 1941-ல் பிபிசி வானொலியில் செய்தி வாசிக்க வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் என்பவரைப் போட்டார்கள். யார்க்‌ஷயரில் ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரர். குறிலாகவே 'லஸ்ட்' என்றும் 'பத்' என்றும் வாசித்தார்; முடிக்கும்போது வடக்கத்தியர்களுக்கு அவர்கள் பேச்சிலேயே 'குட் நீட்' என்று இரவு வணக்கம் சொன்னார். நாடு முழுவதும் சர்ச்சை, புகார்க் கடிதங்கள். அதே போர், அதே செய்தி. மாறியது ஒரு மாத்திரை அளவு.

நாம் பள்ளியில் 'சரியான ஆங்கிலம்' என்று கேட்டது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் டேனியல் ஜோன்ஸ் என்ற ஒலியியல் பேராசிரியர் இருந்தார். அவருடைய உச்சரிப்பு அகராதி 1917-ல் வந்தது. அதில் அவர் பதிவு செய்தது, தெற்கு இங்கிலாந்தில் பெரிய உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்களின் பேச்சை. எல்லாரும் இப்படித்தான் பேச வேண்டும் என்று அவர் ஆணையிடவில்லை. ஆனால் அந்த வழியில் எழுதப்பட்ட பாடநூல்கள் உலகம் முழுவதும் போயின, நம் கல்லூரிகளுக்கும் வந்தன. ஒரு நாட்டின் ஒரு மூலையில், ஒரு சிறு வகுப்பாரின் பேச்சு நமக்குப் பொதுவிதியாக வந்து சேர்ந்த கதை இதுதான்.

ரகரத்தின் கதை இதைவிட அழுத்தமானது. கார், பார்க், டாக்டர் என்று நாம் ர் ஒலியைத் தெளிவாகச் சொல்கிறோம். ஷேக்ஸ்பியரும் சொல்லியிருப்பார். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்தின் தென்மேற்குக் கிராமங்கள், அமெரிக்காவின் பெரும்பகுதி எல்லாம் இன்றும் சொல்கின்றன. லண்டனில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உயிரொலிக்குப் பின் வரும் ர் கரைந்து 'கா', 'பாக்' என்று ஆகிவிட்டது. லண்டனோடு கப்பல் போக்குவரத்து நெருக்கமாக இருந்த பாஸ்டன், நியூயார்க் போன்ற துறைமுக நகரங்களும் அதைப் பின்பற்றின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் காற்று மாறியது; ர் சொல்வதுதான் படித்தவர் பேச்சு என்றாகிவிட்டது.

அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், 1962-ல், வில்லியம் லபோவ் என்ற இளம் ஆய்வாளர் நியூயார்க்கில் ஒரு வேலை செய்தார். சமூக மொழியியலில் இதைவிட அழகான ஆய்வு எனக்குத் தெரியாது. மூன்று பல்பொருள் அங்காடிகளைத் தேர்ந்தெடுத்தார்: பணக்காரர்கள் போகும் சாக்ஸ், நடுத்தர மக்களின் மேசிஸ், மலிவு விலை கிளைன். நான்காவது மாடியில் என்ன விற்கிறது என்று முதலிலேயே தெரிந்துகொண்டு, கீழே இருக்கும் விற்பனையாளரிடம் போய் 'பெண்கள் செருப்பு எங்கே?' என்பது போலக் கேட்பார். பதில் 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று வந்தே ஆக வேண்டும். அதில் ர் வர இரண்டு இடங்கள். காது கேட்காதவர் போல 'என்னங்க?' என்று குனிவார். இப்போது அவர் நிறுத்தி, கவனமாகத் திரும்பச் சொல்வார். லபோவ் நகர்ந்துபோய், கண்ணில் படாமல் குறித்துக்கொள்வார். மொத்தம் 264 பேர். யாருக்கும் தான் ஆய்வில் இருப்பது தெரியாது. சாக்ஸில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் ஓரிடத்திலாவது ர் சொன்னார்கள், மேசிஸில் பாதிப் பேர், கிளைனில் ஐந்தில் ஒருவர். எல்லாரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் விற்பனையாளர்கள்தான். ஆனால் யாரிடம் பேசிப் பேசி நாள் கழிகிறதோ, அவர்கள் பேச்சு நாக்கில் ஒட்டிக்கொள்கிறது.

லண்டனில் ர் விட்டவர் உயர்ந்தவர். நியூயார்க்கில் ர் சொன்னவர் உயர்ந்தவர். ஒலி ஒன்றேதான். இதனால்தான் 'எது சரி' என்று கேட்டால், எந்த ஊரில், யாருக்கு நடுவில் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இனி உங்கள் அண்ணன் மகன். டெக்ஸாஸ் உட்பட அமெரிக்கத் தெற்கில் பலர் 'பென்', 'பின்' இரண்டையும் ஒன்றுபோல 'பின்' என்றே சொல்வார்கள். மூக்கொலிக்கு முன்னால் எகரம் இகரமாகிவிடும். எழுதுவதற்கு வேண்டுமென்றால் 'இங்க் பென்' என்று விளக்கிக் கேட்பது அங்கே சாதாரணம். நமக்கு இது புதிதல்ல. நாம் இலையை எலை என்கிறோம், விறகை வெறகு என்கிறோம். நம்முடையது எதிர்த்திசையில் ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவன் வாட்டரை 'வாடர்' என்பது பற்றி. இரண்டு உயிருக்கு நடுவில் வரும் டி ஒலியை அமெரிக்கர் நாக்கு நுனியால் ஒரே தட்டாகத் தட்டிவிட்டுப் போவார். கூர்ந்து கேட்டால் அது நம் 'மரம்' என்ற சொல்லில் உள்ள ரகரமேதான். லண்டன் உழைக்கும் மக்கள் பேச்சில் அதே இடத்தில் தொண்டை ஒரு கணம் அடைபட்டுத் திறக்கும்: 'வோ-அ'. டி காணாமலே போய்விடும். இந்த டி ஒலி தமிழுக்கு வந்த விதமும் ஒரு கதை. ஆங்கில டி பிறப்பது மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள ஈற்று மேட்டில். தமிழ்நாட்டுக் காதுக்கு அது நாக்கை மடித்துச் சொல்லும் டகரமாகக் கேட்டது. டொரண்டோ, டீச்சர் என்று எழுதினோம். யாழ்ப்பாணத்தில் 'காற்று' போன்ற சொற்களில் வரும் றகர இரட்டை அதே ஈற்று மேட்டில் வல்லொலியாகவே பிழைத்திருக்கிறது. அதனால் அவர்கள் 'ரொறன்ரோ', 'ரீச்சர்' என்று எழுதினார்கள். கனடாவில் ஈழத்தமிழர் கடைப் பலகையில் 'ரொறன்ரோ' என்று பார்த்துச் சிரிக்கும் தமிழ்நாட்டு நண்பர்களிடம் நான் சொல்வதுண்டு: நாக்கு நிற்கும் இடத்தைப் பார்த்தால் ஆங்கிலத்துக்கு அருகில் இருப்பது அவர்கள்தான். நாம் டாக்டர் என்பதை அவர்கள் 'டொக்டர்' என்பதும் அப்படியே. பிரிட்டிஷ் பேச்சில் அது குறில் ஒகரம் போன்ற ஒலி. நம் ஆகாரம் தற்செயலாக அமெரிக்க உச்சரிப்போடு ஒத்துப்போகிறது.

இவ்வளவு வேற்றுமை உண்டாக எத்தனை காலம் ஆகும்? நாம் நினைப்பதைவிடக் குறைவு. நியூசிலாந்தில் பெரிய அளவில் ஆங்கிலேயர் குடியேறத் தொடங்கியது 1840-க்குப் பிறகு. 1946 முதல் 1948 வரை அந்நாட்டு வானொலியின் ஒலிப்பதிவு வண்டி ஊர் ஊராகப் போய் முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்தது. அவர்களில் 1850-களில் பிறந்தவர்கள்கூட இருந்தார்கள். பின்னாளில் கிறைஸ்ட்சர்ச்சில் உள்ள கேன்டர்பரி பல்கலைக்கழகம் அந்தப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தது. ஒரு புதிய உச்சரிப்பு பிறப்பதை அதன் தொட்டிலிலேயே கேட்க முடிந்த அரிய வாய்ப்பு அது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, லண்டன் என்று பல திக்கிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், ஒரே ஊரில் வளர்ந்தும் ஆளுக்கொரு கலவையாகப் பேசினார்கள். அவர்களுக்கு அடுத்து வந்தவர்களிடம் பேச்சு ஒருமித்து வந்தது. இரண்டு மூன்று தலைமுறைதான்.

இன்று நியூசிலாந்துக்காரர் 'பென்' சொன்னால் நமக்கு 'பின்' என்று கேட்கும். 'பேட்' சொன்னால் 'பெட்' என்று கேட்கும். ஓர் ஒலி நகர்ந்து அடுத்ததின் இடத்துக்கு வர, அது இன்னொன்றைத் தள்ள, கடைசியில் இகரம் போக இடமில்லாமல் வாயின் நடுவுக்கு வந்துவிட்டது. நெரிசலான பெஞ்சில் ஒருவர் நகர்ந்து உட்கார்ந்தால் எல்லாரும் நகர்வது போல. 'ஃபிஷ் அண்ட் சிப்ஸ்' அங்கே 'ஃபஷ் அண்ட் சப்ஸ்' மாதிரி ஒலிக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரேலியாவில் அதே இகரம் எதிர்ப்பக்கமாக இறுகி 'ஃபீஷ்' போலக் கேட்கும். இரு நாட்டாரும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்ய இந்த ஒரு சொல் போதும்.

தனிச் சொற்களின் சண்டைகளும் உண்டு. அவற்றில் அதிக நேரம் செலவிட வேண்டாம். மூலிகையை அமெரிக்கர் 'அர்ப்' என்பதும் பிரிட்டிஷார் 'ஹேர்ப்' என்பதும் பிரபலம். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் ஹ ஒலி இல்லை. இங்கிலாந்துதான் 19-ஆம் நூற்றாண்டில் எழுத்தைப் பார்த்து அதைச் சேர்த்தது. அலுமினியத்தை அமெரிக்கர் 'அலூமினம்' என்பது சோம்பலால் அல்ல. அந்தப் பெயரை 1812-ல் தன் நூலில் எழுதியவர் ஹம்ஃப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி. சோடியம், பொட்டாசியம் போல முடிவதற்காக 'இயம்' சேர்த்த வடிவம் பிரிட்டனில் நிலைத்துவிட்டது.

இனி உங்கள் மகளுக்கு. அவள் உச்சரிப்பை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. தமிழ் வாசனையோடு பேசும் ஆங்கிலமும் ஓர் ஊரின் ஆங்கிலம்தான். அவள் சொல்லும் ர், ஸ்காட்லாந்துக்காரருக்கும் ஐரிஷ்காரருக்கும் சொந்தமானது. 'ரோடு', 'கேக்' என்று அவள் நேராக நீட்டும் ஓகாரமும் ஏகாரமும், யார்க்‌ஷயரிலும் லங்காஷயரின் பல ஊர்களிலும் கேட்கும் ஒலிக்கு லண்டன் உச்சரிப்பைவிட நெருக்கமானவை. லீட்ஸ் வீட்டுக்கார அம்மா என் 'ரோடு' கேட்டு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

பழக வேண்டியது ஒன்று உண்டு: அசை அழுத்தம். தமிழில் ஒரு சொல்லின் அசைகளை ஏறக்குறைய சம பலத்தோடு சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கி, மற்றவை ஒடுங்க வேண்டும். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் முதல் அசையில் ஓங்கும். 'ஃபோட்டோகிராஃபர்' ஆனதும் அழுத்தம் இரண்டாவது அசைக்குத் தாவும். உயிரொலிகளில் ஊருக்கு ஊர் இத்தனை பேதம் இருந்தும், பெரும்பாலான சொற்களில் இந்த அழுத்தம் விழும் இடம் மட்டும் மான்செஸ்டர், டெக்ஸாஸ், ஆக்லாந்து மூன்றிலும் ஒன்றுதான். கேட்பவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லை அடையாளம் காண்கிறார். இடம் தவறினால் உயிரொலி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் 'என்ன சொன்னீர்கள்?' என்று கேட்பார்கள். புதுச் சொல் ஒன்று கற்கும்போது அகராதியில் எந்த அசைக்கு முன்னால் சிறு கோடு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

மற்றபடி காதைத் திறந்து வைத்திருக்கட்டும். மான்செஸ்டரில் 'ஒன்' என்ற எண்ணை 'கொன்' போல ஒலிக்கும் 'கான்' (போய்விட்டது) என்ற சொல்லோடு எதுகையாகும்படி 'வொன்' என்பார்கள். பக்கத்தில் போல்டன், ஓல்டம் பக்கம் போனால், வயதான சிலர் புத்தகத்தை இன்னும் 'பூக்' என்று ஊகாரத்தோடு நீட்டுவதைக் கேட்கலாம். இரண்டு ஓ போட்டு எழுதுவதற்குக் காரணமான பழைய நெடில் அது. தெற்கில் அது குறுகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்தத் தலைமுறை இருக்கும்போதே ஒருமுறை கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.